தலையெழுத்தா, தாளாண்மையா?

உலகில் ஆடப்படும் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றின் பிறந்த நாளை எவரும் அறியார். எந்த நாட்டில், எந்தத் தலைமுறையில், எவன் முதலில் பந்தை உருட்டினான், எவன் முதலில் கம்பைச் சுழற்றினான் என்பதை எவரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. தெரியாத இடத்தில் கதை புகும். கதை புகுந்த இடத்தில் கடவுள் புகும். கடவுள் புகுந்த இடத்தில் பூசாரி புகுவார். இது நாம் கண்ட வரலாறு. கூடைப்பந்தாட்டத்துக்கு மட்டும் அந்த இடர்ப்பாடு இல்லை. அதற்குத் தலபுராணம் கிடையாது. பிறந்த ஆண்டு உண்டு, பிறந்த ஊர் உண்டு, ஆக்கியளித்த மனிதனின் பெயர் உண்டு. அந்த மனிதன் ஓர் ஆசிரியன் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சியும் உண்டு.

1891-ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியிலே ஜேம்ஸ் நெய்ஸ்மித் பாடம் நடத்தி வந்தார். வயது முப்பது. கனடா நாட்டிற் பிறந்து, இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்தவர். வெளியே கடும் பனி. உள்ளே ஆடுவதற்கு ஆட்டமின்றிச் சலித்துப்போன மாணவர் கூட்டம். இரண்டு வாரத்திற்குள் கூரையின்கீழ் ஆடத்தக்க புதியதோர் ஆட்டத்தை அமைத்துத் தருமாறு மேலதிகாரி பணித்தார். நெய்ஸ்மித் தவம் கிடக்கவில்லை, வரம் கேட்கவில்லை, சிந்தித்தார். பந்தோடு ஓடுபவனை மடக்கத்தானே மற்றவன் மோதுகிறான்? அப்படியானால் பந்தை ஏந்திக்கொண்டு ஓடக்கூடாது என்று விதித்தார். இலக்கு தரையில் இருப்பதால்தானே பந்தை வெறிகொண்டு வீசுகிறார்கள்? அப்படியானால் இலக்கைத் தலைக்கு மேலே ஏற்றிவிட்டால், வலிமையைக் காட்டிலும் நிதானம் வெல்லும் என்று கண்டார். பள்ளியின் பணியாளர் தேடிக் கொடுத்தது பீச் பழக் கூடைகள் இரண்டு. அவற்றை மாடத்தின் கைப்பிடிக் கட்டையில் அறைந்தார்கள். அந்தக் கட்டை தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றளவும் உலகெங்கும் கூடை பத்தடி உயரத்தில் நிற்பதற்குக் காரணம் அந்தக் கட்டைதான். பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். பதினெட்டு மாணவர்கள், பக்கத்துக்கு ஒன்பது பேராக நின்று ஆடினார்கள். அவ்வளவுதான் அவதாரக் கதை!

அடுத்த ஆண்டே, 1892-இல், அதே மாநிலத்தின் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை இந்த ஆட்டத்தைப் பெண்களுக்குக் கற்பித்தார். லிதுவேனியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பெண் அவர். ஓடினால் பெண்மை கெடும், குதித்தால் குலம் கெடும் என்று அந்த நாட்டிலும் பேசியவர்கள் உண்டு. அவர்களுடைய பெயர்களை இன்று எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. பெரன்சனின் பெயர் நிலைத்திருக்கிறது.

தமிழகம் வந்த பந்து

அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்று வெளிவந்தவர்கள் மாவட்டந்தோறும் பள்ளிகளில் உடற்பயிற்சி ஆசிரியர்களாக அமர்ந்தார்கள். நம் கிராமங்கள் அன்போடும் சற்று அச்சத்தோடும் ‘டிரில் வாத்தியார்’ என்று அழைத்த அந்த ஆசிரியர்களின் விசிலொலியோடு சேர்ந்துதான் வளைகோல் பந்தும் கூடைப்பந்தும் நம் ஊர்களுக்குள் நுழைந்தன. ஆடவருக்கான முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டி 1934-இல் தில்லியில் நடைபெற்றது. இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் 1950-இல் அமைந்தது. ஒலிம்பிக் அரங்கில் இந்திய அணி ஆடியது ஒரே ஒரு முறை, 1980-இல் மாஸ்கோவில்.

நம் தேனி மாவட்டத்திலே இந்த ஆட்டத்தின் தலைநகர் பெரியகுளம். மேற்கு மலையின் அடிவாரம், வராக நதிக்கரை, மாந்தோப்புகள் நிறைந்த ஊர். ஆண்டுதோறும் கோடையில் அங்குள்ள சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகம் அகில இந்தியப் போட்டி ஒன்றை நடத்திவருகிறது. வங்கி அணிகள், இரயில்வே அணிகள், படைத்துறை அணிகள் எனப் பல மாநிலத்து ஆட்டக்காரர்கள் வந்து மின்னொளியில் ஆடுவார்கள். மாம்பழக் காலத்தில் பிற ஊர்களில் மக்கள் கூடுவது தேரைப் பார்க்க. பெரியகுளத்தில் கூடுவது பந்தைப் பார்க்க. கம்பத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் போடியிலிருந்தும் இளைஞர்கள் பேருந்தேறிப் போய், ஆட்டம் முடிந்த பிறகு நள்ளிரவில் வீடு திரும்புவதுண்டு.

அந்தக் கூட்டத்தில் அமர்ந்து பார்க்கும்போதெல்லாம் ஒரு சொல் நம் காதில் விழுகிறது. நெடிதுயர்ந்த ஆட்டக்காரன் ஒருவன் எளிதாகப் பந்தைக் கூடைக்குள் இட்டதும், பின்வரிசையிலிருந்து ஒருவர் பெருமூச்சு விடுகிறார்: “அவனுக்கு ஆண்டவன் கொடுத்த உயரம். நமக்கு எழுதியது இவ்வளவுதான்!”

இந்தப் பெருமூச்சைத்தான் நாம் இங்கே ஆராய வேண்டும். பேசப்படுவது ஒரு பந்தாட்டம்போலத் தோன்றினும், உள்ளே இருப்பது நெடுநாளைய நோய். பிறப்பே மனிதனை முடிவு செய்கிறது என்னும் நோய்.

பிறப்பைச் சட்டமாக்கிய பள்ளத்தாக்கு

பிறப்பே எல்லாம் என்று சொன்னால் என்ன நேரும் என்பதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கலாம். கம்பம் பள்ளத்தாக்குக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1871-இல் பிரிட்டிஷ் ஆட்சி குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. 1911-இல் திருத்தப்பட்டபின் அது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. மதுரைச் சீமையின் பிரமலைக் கள்ளர் மக்கள்மீது அது பாய்ந்தது. ஒருவன் என்ன செய்தான் என்பதைச் சட்டம் கேட்கவில்லை. எந்த வயிற்றில் பிறந்தான் என்று கேட்டது. கைரேகை பதிந்து, இரவில் காவல் நிலையத்தில் கணக்குக் கொடுத்து, அடுத்த ஊர் போவதற்கும் அனுமதிச் சீட்டு வாங்கி வாழும் வாழ்க்கை அவர்கள் தலையில் சுமத்தப்பட்டது. மக்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்த மக்கள்மீது துப்பாக்கிகள் வெடித்தன. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-இல்.

சட்டம் பிறந்தது வெள்ளையன் மேசையில் என்பது உண்மை. ஆனால் பிறப்பால் தொழில், பிறப்பால் குணம், பிறப்பால் இழிவு என்ற பாடத்தை அவனுக்கு முன்பே இந்த நாட்டில் எழுதி வைத்தவர்கள் யார்? தைத்துக் கிடந்த சட்டையை எடுத்து அவன் போட்டுக்கொண்டான். அவ்வளவே!

அதே காலத்தில் அந்த மக்களின் பிள்ளைகளுக்கென்று பள்ளிகளும் திறக்கப்பட்டன. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்ற பெயரோடு மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அவை தொடர்ந்து வந்திருக்கின்றன. பிறவிக் குற்றவாளி என்று அரசு முத்திரை குத்திய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் விளங்குகிறார்கள். குருதி மாறியதா? இல்லை. பள்ளி வந்தது. அவ்வளவுதான் மாறியது.

ஆட்டக்களத்திலும் இதே உண்மைதான். உயரம் பிறப்பில் வருவது என்பதை நாம் மறுக்கவில்லை. பகுத்தறிவு உள்ளதை உள்ளவாறு ஒப்பும். ஆனால் உயரம்தான் ஆட்டமா? 1987-இல் வாஷிங்டன் அணியில் இருவர் ஒன்றாக ஆடினார்கள். ஒருவர் சூடான் நாட்டில் மாடு மேய்க்கும் குடியிற் பிறந்த மனூட் போல், ஏழடி ஏழங்குலம். மற்றவர் அந்த ஆண்டு புதுமுகமாய் வந்த மக்ஸி போக்ஸ், ஐந்தடி மூன்றங்குலம். நம் தேனிச் சந்தையில் நின்றால் எவரும் திரும்பிப் பார்க்காத உயரம். இந்த ஐந்தடி மூன்றங்குலத்துக்காரர் உலகின் மிகக் கடினமான அந்தத் தொழில்முறைப் போட்டியில் பதினான்கு பருவங்கள் நின்றார். பந்தைத் தரையோடு ஒட்டித் தட்டிச் செல்லவும், நெடியவனின் கையிலிருந்து அதைப் பறிக்கவும், எவனுக்கு எப்போது பந்து தேவை என்று முன்னறிந்து கொடுக்கவும் கற்றிருந்தார். கற்றவை இவை. கருவிலே வந்தவை அல்ல.

பல்லோ கே கிராமத்து இளைஞன்

இனி நம் நாட்டு வரலாறு ஒன்று. பஞ்சாப் மாநிலம், பர்னாலா மாவட்டம், பல்லோ கே என்னும் சிற்றூர். 1995 டிசம்பரில் அங்கே ஓர் உழவர் வீட்டில் பிறந்தவர் சத்னம் சிங். தந்தை பல்பீர் சிங்கும் ஏழடிக்கு மேல் வளர்ந்தவர். அவருக்கும் இளமையில் ஆட்ட ஆசை இருந்தது. ஆனால் நிலமும் குடும்பப் பொறுப்பும் அவரைக் கட்டிவைத்தன. அவர் உழுதார், மாவு ஆலை நடத்தினார். இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே! உயரம்தான் எல்லாம் என்றால் தந்தையே பெரும் ஆட்டக்காரராகி இருக்க வேண்டுமே? உடம்பில் குறைவில்லை. வாய்ப்பில்தான் குறை இருந்தது. அதே உயரம் தந்தையிடம் மாவு ஆலையிலேயே நின்றது, மகனிடம் கடல் கடந்தது. இடையே புகுந்தது விதி அன்று, ஒரு பயிற்சிக் கூடம்.

அந்தக் கூடம் லூதியானா கூடைப்பந்துப் பயிற்சியகம். தனக்குக் கிட்டாததை மகனுக்குத் தேடித் தர முனைந்த தந்தை, பத்து வயதளவில் மகனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். சங்கரன் சுப்பிரமணியன் என்ற பயிற்சியாளர் அங்கே அவரைச் செதுக்கியவர்களுள் ஒருவர். காலுக்கேற்ற காலணியைக் கடைகளில் தேடிக் களைத்து வெளிநாட்டிலிருந்து தருவித்த காலம் அது. 2010-இல் உதவித்தொகை பெற்ற சிறுவர் குழுவோடு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள பயிற்சிப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பப்பட்டார். வயது பதினான்கு. ஆங்கிலம் அறியார். உணவு புதிது, உறவு இல்லை, வகுப்பில் பேசுவது ஒன்றும் விளங்காது. பகலில் பாடம், பிறகு பயிற்சி, இரவில் தனிமை. ஐந்து ஆண்டுகள் இப்படி.

அந்த ஐந்து ஆண்டுகளில் கற்க வேண்டியது என்ன? பார்ப்பவர் கண்ணுக்குக் கூடைப்பந்து என்பது எறிவதும் குதிப்பதும்தான். உள்ளே புகுந்தால் அது காலின் கலை. ஒரு காலை ஊன்றி மறு காலைச் சுழற்றித் திரும்புதல், பின்னே நிற்பவனை முதுகால் உணர்தல், மோதலில் தடுமாறாமல் நிற்றல், பதினைந்து அடித் தொலைவிலிருந்து எவரும் மறிக்காத தண்டனை எறியைக் களைத்த கையோடும் பிழையின்றி இடுதல், இவையெல்லாம் ஆயிரம் முறை செய்தாலன்றி உடம்பில் ஊறா. நெடிய உடம்புக்கோ இது இன்னும் கடினம். உயர்ந்த மரம் காற்றில் அதிகம் ஆடுவதுபோல், உயர்ந்த மனிதனுக்குச் சமநிலை எளிதில் வாய்ப்பதில்லை. ‘ஆண்டவன் கொடுத்தது’ என்று நாம் பெருமூச்சு விடும் அந்த உயரமே, பயிற்சி இல்லையேல் ஒரு பாரம்.

2015 ஜூன் 25. அமெரிக்கத் தொழில்முறைக் கழகமான என்.பி.ஏ.யில் ஆண்டுதோறும் புதுமுகங்களைத் தெரிந்தெடுக்கும் நாள். முப்பது அணிகள், இரண்டு சுற்று, அறுபது பெயர்கள். ஐம்பத்திரண்டாவது பெயராக டல்லாஸ் மாவரிக்ஸ் அணி சத்னம் சிங்கை அழைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில், கனடாவிற் பிறந்த இந்திய வழியினரான சிம் புல்லர் அந்தக் கழகத்தில் ஆடியிருந்தார். ஆயினும் இந்திய மண்ணிற் பிறந்து, இந்தத் தேர்வில் அழைக்கப்பட்ட முதல் மனிதர் சத்னம்தான். ஏடுகள் எழுதின, தொலைக்காட்சிகள் முழங்கின, அவரைப் பற்றித் திரைப்பட ஆவணமும் வந்தது.

முழக்கம் ஓய்ந்த பிறகு

கதையாயின் இங்கே முடித்திருப்பார்கள். வரலாறு இங்கே முடிவதில்லை. தேர்வானது வாயிற்படி மட்டுமே. டல்லாஸ் அணியின் வளர்ச்சிப் பிரிவான டெக்சாஸ் லெஜண்ட்ஸ் அணியில் இரண்டு பருவங்கள் இருந்தார். களத்தில் கிடைத்தவை சில நிமிடங்கள். அமர்ந்திருந்த நேரமே மிகுதி. என்.பி.ஏ.யின் முறையான ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. 2017-இல் இந்தியா திரும்பினார். பின்னர் கனடாவில் ஒரு பருவம் ஆடினார். 2019-இல் நடந்த ஊக்கமருந்துச் சோதனையின் விளைவாக இரண்டாண்டுத் தடை வந்தது. 2022-இல் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த மேடையேறினார்.

உடனே நம்மூர்ப் பின்வரிசைக்காரர் எழுந்துவிடுவார். “பார்த்தீர்களா? எவ்வளவு முயன்றும் என்ன? எழுதியது அவ்வளவுதான்!” என்பார். வென்றால் ஆண்டவன் அருள், தோற்றால் தலையெழுத்து. இரண்டிலும் மனிதனுக்கு இடமில்லை! விதிவாதத்தின் வசதி இதுதான். அது எதையும் விளக்குவதில்லை. அதனால் எதிலும் தோற்பதில்லை.

நாம் காரணம் தேடுவோம். முதற் காரணம் காலம். சத்னம் அந்த வாயிலை அடைந்த வேளையில் ஆட்டமே உருமாறிக்கொண்டிருந்தது. 1979-இல் என்.பி.ஏ.யில் புகுந்த மூன்று புள்ளிக் கோடு, அதாவது கூடையிலிருந்து சுமார் இருபத்துநான்கு அடித் தொலைவுக்கு அப்பாலிருந்து இட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி என்னும் விதி, மெல்ல மெல்ல ஆட்டத்தின் அச்சாகிவிட்டது. 2015-இல் பட்டம் வென்ற கோல்டன் ஸ்டேட் அணி தொலைவிலிருந்து எறிந்தே வென்றது. கூடையின் கீழ் மலைபோல் நிற்பவனைவிட, நாற்புறமும் விரைந்தோடிக் காப்பவனுக்கு விலை ஏறியது. மலையாக வளர்க்கப்பட்டவனை ‘ஆறாக ஓடு’ என்றது காலம்.

இரண்டாம் காரணம் தொடக்கம். அங்கே எதிரே நின்றவர்கள் ஆறு ஏழு வயதில் பந்தைத் தொட்டவர்கள். தெருமுனைக்கு ஒரு களம், பள்ளிக்கு ஒரு பயிற்சியாளர், ஊருக்கு ஒரு போட்டி என வளர்ந்தவர்கள். பல்லோ கே கிராமத்துச் சிறுவன் ஒரு தலைமுறைப் பின்னடைவைத் தன் ஒருவன் காலால் ஓடிக் கடக்க வேண்டியிருந்தது. பெரும்பகுதியைக் கடந்தும் விட்டான். எஞ்சிய தொலைவு அவன் குறை அன்று. அவன் பிறந்த நாட்டின் குறை.

‘நூறு கோடியில் ஒருவன்’ என்று அவரைப் புகழ்ந்தார்கள். புகழ்ச்சியாகத்தான் சொன்னார்கள். நாம் அதைக் குற்றச்சாட்டாகப் படிக்கிறோம். நூறு கோடி மக்களில் ஒருவன்தான் அந்த வாயிலை அடைந்தான் என்றால், மற்றவர்களுக்கு உடம்பில்லையா, உள்ளமில்லையா? நூறு விதைகளை ஊன்றி ஒன்று மட்டும் முளைத்தால், முளைத்த விதைக்கு மாலை சூட்டிவிட்டு உழவன் உறங்குவானா? நிலத்தைப் பார்ப்பான், நீரைப் பார்ப்பான், உரத்தைப் பார்ப்பான். நாமோ ஒற்றை மனிதனைத் தூக்கி வைத்துக் கொண்டாடிவிட்டு, அவன் சறுக்கியதும் மறந்துவிடுகிறோம். தனிமனித வழிபாடு கோவிலில் மட்டும் இல்லை.

பாதிச் சட்டையில் தொடங்கியவர்

கடல் கடந்த ஒரு வரலாற்றையும் இங்கே ஒப்பிட்டுக் காண்பது நலம். பில் ரஸ்ஸல் 1934-இல் அமெரிக்கத் தென்மாநிலமான லூசியானாவில் கறுப்பர் குடும்பத்தில் பிறந்தவர். நிறவெறியின் கொடுமை தாளாமல் குடும்பம் மேற்குக் கரையின் ஓக்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. பன்னிரண்டு வயதில் தாயை இழந்தார். பள்ளி அணியில் சேர முயன்றபோது, தேறமாட்டான் என்று விலக்கப்பட்டார். ஜார்ஜ் பவுல்ஸ் என்ற ஆசிரியர் மட்டும் அவரை விடவில்லை. அணிக்கு இருந்த சட்டைகள் பதினைந்து. பதினாறாவது ஆளாக ரஸ்ஸலைச் சேர்த்தார். ஒரு சட்டையை இருவர் மாற்றி மாற்றி அணிந்தார்கள். ஓர் ஆட்டத்தில் அவன், அடுத்த ஆட்டத்தில் இவன். பாதிச் சட்டைக்கு உரியவராகத் தொடங்கியவர் அவர்.

அந்த இளைஞன் செய்தது என்ன? மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்து, கண்ணை மூடி, ஒவ்வோர் அசைவையும் மனத்துக்குள் மீண்டும் ஆடிப் பார்த்தான். எவரும் அதுவரை பெரிதாக மதிக்காத தற்காப்பை, எதிரியின் எறியைத் தடுத்துத் தன் அணியின் கைக்கே பந்தைத் திருப்பும் கலையாக வளர்த்தான். கல்லூரி அணிக்கு 1955-இலும் 1956-இலும் தேசியப் பட்டம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம். அதே டிசம்பரில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் புதுமுகம். 1957-இல் அந்த அணிக்கு முதல் பட்டம். பதின்மூன்று பருவங்களில் பதினொரு பட்டம்.

ஆனால் நாம் அவரை வணங்குவது பட்டங்களுக்காக அன்று. 1961-இல் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில், அணித் தோழர்களான கறுப்பர்களுக்கு ஓட்டலில் உணவு தர மறுத்தார்கள். பந்தாட்டத்தைப் பார்க்கக் காசு கொடுப்பார்களாம், பக்கத்தில் அமர்ந்து உண்ண இடம் கொடுக்கமாட்டார்களாம்! ரஸ்ஸலும் மற்றக் கறுப்பின ஆட்டக்காரர்களும் ஆட மறுத்து ஊர் திரும்பினார்கள். வைக்கம் வீதியையும் ஓட்டல்களில் நிலவிய தனிக் குவளையையும் அறிந்த நமக்கு அந்த நிகழ்ச்சி அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றுமா? 1966-இல் என்.பி.ஏ.யின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2022-இல் அவர் மறைந்தபோது, அவர் அணிந்த ஆறாம் எண்ணை இனி எந்த அணியிலும் எவருக்கும் புதிதாக வழங்குவதில்லை என்று கழகம் முடிவு செய்தது. பாதிச் சட்டைக்காரரின் எண் அது!

முன்னேறத் துடிப்பவனுக்குத் தன்மானம் தடை என்று சிலர் உபதேசிப்பார்கள். குனிந்து போனால்தான் மேலே வரலாம் என்பார்கள். ரஸ்ஸலின் வாழ்வு அதை மறுக்கிறது. தன்னை மனிதனாக மதிப்பவன்தான் தன் குறையை அஞ்சாமல் நோக்கித் திருத்திக்கொள்வான். அடிமை தன் குறையை மறைப்பான், தன்மானி திருத்துவான்.

பெண்ணுக்கும் பந்துண்டு

தமிழகத்திலேயே அதற்குச் சான்று உண்டு. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை பதின்பருவத்திலேயே இந்திய மகளிர் அணிக்குள் புகுந்தவர், பத்தொன்பது வயதில் அதன் தலைவியானவர். திருமணம் ஆயிற்று, தாயானார். இனி ஆட்டம் எதற்கு என்று ஊர் கேட்கும் கேள்விக்குக் களத்தில் விடை சொன்னார். திரும்பி வந்து ஆடினார். 2017-இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவில் இந்திய மகளிர் அணி முதலிடம் பெற்றது. அந்த அணியில் அவரும் இருந்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. மகப்பேறு உடம்பை மாற்றுகிறது. மாறிய உடம்பை மீண்டும் பழக்குவதற்குப் புதுமுகத்தின் உழைப்பை இரண்டாம் முறையும் உழைக்க வேண்டும். அந்த இரண்டாம் உழைப்பை எந்த ஆணும் செய்ததில்லை என்பதை நம் இளைஞர்கள் நினைவில் இருத்துக.

நம் பள்ளத்தாக்கின் பெண்பிள்ளைகள் காலையில் திராட்சைத் தோட்டத்துக்கும் ஏலக்காய் மலைக்கும் போகும் தாய்க்கு உதவிவிட்டுப் பள்ளிக்கு ஓடி வருகிறார்கள். ஓட்டத்துக்குக் குறைவில்லை, உரத்துக்குக் குறைவில்லை. பருவம் எய்தியதும் களத்தின் வாயில் சாத்தப்படுகிறதே, அதுதான் குறை. சாத்துவது இயற்கையா? இல்லை, நாம்!

செய்ய வேண்டியது

கூடைப்பந்துக் களத்துக்கு வேண்டியது இருபத்தெட்டு மீட்டர் நீளம், பதினைந்து மீட்டர் அகலம், இரண்டு கம்பங்கள், இரண்டு வளையங்கள், ஒரு பந்து. ஒரு திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவுக்குள் அடங்கும் தொகையிலே தொடங்கிவிடலாம். ஊர்தோறும் திருவிழாவுக்கு வரி விதித்து வசூலிக்கத் தெரிந்த நமக்கு, களத்துக்கு வசூலிக்கத் தெரியாதா?

ஆசிரியராகிய நாம் அறிந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாமறிந்த பள்ளியொன்றில் உடற்பயிற்சிப் பாடவேளை அட்டவணையில் மட்டுமே இருந்தது. தேர்வு நெருங்கினால் கணக்குக்கு, அது முடிந்தால் அறிவியலுக்கு என அந்த வேளை கடன் வாங்கப்படும். வாங்கிய கடன் ஒரு நாளும் திருப்பப்படாது. உடம்பு படிக்கும் பாடமும் பாடமே என்பதை நாம் ஒப்பிக்கொள்ளாத வரையில், நூறு கோடியில் ஒருவனைத்தான் எண்ணிக்கொண்டிருப்போம். இளைஞர் மன்றங்கள் தம் ஊர்ப் பள்ளியில் இந்தப் பாடவேளை நடக்கிறதா என்று கேட்கட்டும். உடற்பயிற்சி ஆசிரியர் இல்லையேல் எழுதிக் கேட்கட்டும். களத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒன்றாய் நிற்கிறார்களா என்று பார்க்கட்டும். இந்த ஆட்டத்தின் விதிப்படி பந்தை ஏந்திக்கொண்டு எவனும் ஓட முடியாது. தட்டிச் செல்ல வேண்டும், அல்லது அடுத்தவன் கையில் கொடுக்க வேண்டும். எவன் தெருவில் பிறந்தவன் என்று பார்த்துக் கொடுக்கும் அணி, பார்த்து முடிப்பதற்குள் பந்தை இழந்துவிடும்.

மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றின் நீர் 1895-இல் மலையைக் குடைந்து நம் பள்ளத்தாக்குக்குள் திருப்பப்பட்டது. யாகத்தால் திரும்பவில்லை. பென்னி குயிக்கின் கணக்கும் ஆயிரமாயிரம் தொழிலாளரின் தோள்களும் திருப்பின. காய்ச்சலிலும் விபத்திலும் மாண்டவர் பலர். அந்த நீரில் விளைந்த சோற்றை உண்டுகொண்டு, ‘எழுதியபடிதான் நடக்கும்’ என்று நாம் பேசலாமா? ஆற்றுக்கே எழுதியதை மாற்றி எழுதிய மண் இது!

வள்ளுவர் ஆள்வினையுடைமை என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் பொருளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். களத்தில் ஒரு முறை செய்து பார்ப்போம். ஏழடி மனிதன் ஏறி நின்ற படி எது, சறுக்கிய படி எது என்று இரண்டையும் கற்போம். பாதிச் சட்டை கிடைத்தாலும் அணிந்து இறங்குவோம், முழு மனிதனாக நிற்போம். கூடை எல்லாருக்கும் பத்தடி உயரத்தில்தான் இருக்கிறது. அதை நோக்கி எறியக் கற்றுத்தரும் கைகளைத்தான் இன்னும் நாம் எல்லாருக்கும் தரவில்லை. தருவோம். அதன் பிறகும் எஞ்சியிருந்தால், தலையெழுத்தைப் பற்றிப் பேசுவோம்.